வருடத்துக்கு இரண்டு குளிர்காலம்

பின்லாந்தின் வடகோடியிலிருக்கும் இவலோவில் கைசுவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் அவளைக் கோடைகாலத்தில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நவம்பரில் பனி கொட்டத் தொடங்கியதிலிருந்து ஏப்ரல் கடைசிவரை ஊருக்கு வெளியே இருக்கும் டயர் சோதனைத் திடலில் கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். பனி உருகி ஊர் சேறாகும்போது ஸ்பெயினுக்குப் போய் ஈரத் தார்ச்சாலையிலும் காய்ந்த தார்ச்சாலையிலும் ஓட்டுவாள். ஜூலையில் ஊர் ஜனமெல்லாம் ஏரிக்கரையில் கொசு அடித்துக்கொண்டு கிடக்கும்போது அவள் நியூசிலாந்தில் ஏதோ ஒரு மலை உச்சியில் இருப்பாள். அங்கே அப்போதுதான் பனிக்காலம்.

"என் பெண்டாட்டிக்கு வருஷத்துக்கு ரெண்டு குளிர்காலம். எனக்கு ஒண்ணே போதும்பா" என்பான் இல்மாரி. அவன் ஊர் வீடுகளைச் சூடாக்கும் நகராட்சியின் வெந்நீர்க் கொதிகலன் நிலையத்தில் வேலை பார்ப்பவன். தூண்டிலைப் போட்டுவிட்டு அரை நாள் அசையாமல் உட்காரக்கூடிய மனுஷன். கைசுவோ, கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பவள். பள்ளியில் அவளை வகுப்பின் நடுவே உட்காரவைத்து இரண்டு வருடம் போராடிய ஆசிரியை, கடைசியில் கதவோரத்தில் மேசையைப் போட்டு, "எழுந்து நடக்கணும்னு தோணினா நட. ஆனா சத்தம் வரக்கூடாது" என்று விட்டுவிட்டாள்.

இருப்புக்கொள்ளாத அந்த உடம்புதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது. அப்பா வலை வைக்க இனாரி ஏரியின் உறைந்த மேற்பரப்பில் பழைய காரை ஓட்டிப்போவார். வளர்ந்த பெண்ணான கைசு அந்தக் காரைத்தான் பனிக்கட்டியில் வட்டம் வட்டமாகச் சுழற்றிப் பழகினாள். கார் வழுக்கப்போவதற்கு ஒரு கணம் முன்னால் இடுப்பில் ஒரு குறுகுறுப்பு வரும். கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் முன்பே அது வந்துவிடும். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவள் சோதனைத் திடலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஒரே மாதிரியான இரண்டு கார்களில் அவளை ஏற்றிவிட்டு, வித்தியாசம் என்ன என்று கேட்டார்கள். சொன்னாள். அன்றே வேலை கிடைத்தது.

வேலை இதுதான். மோட்டார் பத்திரிகைகளுக்காகப் பல கம்பெனி டயர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும் தூரத்தையும் எடுக்கும் வேகத்தையும் கருவி அளந்துவிடும். ஆனால் வளைவில் டயர் எப்படி நடந்துகொள்கிறது, வழுக்கும் முன் எச்சரிக்கிறதா, திடீரென்று கைவிட்டுவிடுகிறதா என்பதை மனித உடம்புதான் சொல்ல வேண்டும். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் பெயரை மறைத்துவிடுவார்கள். ஓட்டுகிறவர் பத்துக்கு மதிப்பெண் போடுவார். நடுநடுவே, சொல்லாமல் கொள்ளாமல், ஒரே அளவுகோல் டயரைத் திரும்பத் திரும்ப மாட்டி அனுப்புவார்கள். ஓட்டுகிறவரையே சோதிக்கும் டயர் அது. பனி இறுகினாலும் குளிர் ஏறினாலும் அந்த டயருக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வர வேண்டும். கைசுவின் மதிப்பெண் அத்தனை வருடங்களில் அரைப் புள்ளிக்கு மேல் ஆடியதில்லை.

நியூசிலாந்திலிருந்து சளியோடு திரும்பிய வருடம் அது. விமானத்தில் இடது காது அடைத்தது. அடைப்பு போனது, ஆனால் உள்ளே கொதிக்கும் கெண்டி மாதிரி ஓர் இரைச்சல் தங்கிவிட்டது. கைசு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் பெரிய ஒப்பீடு தொடங்கியது. பனிக்கட்டியைக் கவ்வும் இரும்பாணி பதிக்காத பனி டயர்கள் ஒரு கூட்டம். அவற்றோடு, கோடைக்கும் குளிருக்கும் ஒன்றே போதும் என்று விளம்பரம் செய்யப்படும் எல்லாப் பருவ டயர்களும் சில.

மூன்றாம் நாள் மதியம் ஹன்னஸ் அவளைக் கூப்பிட்டான். குழுத் தலைவன். கைசுவைவிட இருபது வயது இளையவன், தெற்கே எஸ்போவிலிருந்து வந்தவன். கையில் இரண்டு காப்பிக் கோப்பைகள் இருந்தன. அவன் காப்பி கொண்டுவந்தாலே ஏதோ விஷயம் என்று அர்த்தம்.

"கைசு, ராத்திரி சரியா தூங்குறீங்களா?"

"ஏன் கேக்குற?"

"அளவுகோல் டயருக்கு நேத்து ஏழு போட்டிருக்கீங்க. இன்னைக்குக் காலையில அஞ்சரை. மத்தியானம் எட்டு."

கைசு காப்பியை வாங்காமல் நின்றாள். "பனி மாறியிருக்கும்."

"மத்த ரெண்டு பேருக்கும் மாறலையே."

"அப்போ அவங்க தூங்கிட்டே ஓட்டுறாங்க" என்றாள் வெடுக்கென்று. சொன்ன கையோடு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஹன்னஸ் அவளுடைய கோப்பையை மேசையில் வைத்தான். "நாளைக்கு லீவு எடுத்துக்குங்க. வியாழக்கிழமை மறுபடி ஓட்டிப் பாருங்க" என்றான்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிறவள்போலவே கிளம்பி, ஏரியின் மேல் போட்டிருந்த பனிச்சாலைக்குத் தன் காரை ஓட்டிப் போனாள். ஆளில்லாத இடத்தில் வளைத்தாள், மிதித்தாள், விட்டாள். கார் வழுக்குவது கண்ணில் தெரிந்தது. இடுப்பில் ஒன்றும் வரவில்லை. மறுபடி சுற்றினாள். மறுபடியும். சாப்பாடு உப்பில்லாமல் இருக்கிறதா, நாக்கே செத்துவிட்டதா என்று தெரியாமல் ஒரு பிடி, இன்னொரு பிடி என்று வாயில் போட்டுப் பார்ப்பதுபோல எரிபொருள் தீரப்போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேரே சுகாதார நிலையத்துக்குப் போனாள். காதுக்குள் உடம்பின் சமநிலையைக் காக்கும் நரம்பு ஒரு பக்கம் அடிபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். "சாதாரணமா வண்டி ஓட்டலாம், நடக்கலாம், எல்லாம் செய்யலாம். மூளை பழகிக்கும்."

"என் வேலை சாதாரணமா ஓட்டுறது இல்லையே."

"அது திரும்ப வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

வியாழக்கிழமை கைசு திடலுக்கு வந்தாள். இரவு முழுக்கப் புரண்டதில் கண்கள் சிவந்திருந்தன. முதல் செட் டயர்களை ஓட்டினாள். காற்றில் கைவீசுவதுபோல ஒரு மதிப்பெண் போட்டாள். இரண்டாவது செட்டோடு கொட்டகையிலிருந்து வெளியே வரும்போது, மண் தூவிய முற்றத்தில் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். டயர்ப் பள்ளத்தில் ஒரு சரளைக்கல் மாட்டியிருக்க வேண்டும். நல்ல காதான வலது காதில் அது தெளிவாகக் கேட்டது. பனியில் ஏறியதும் அடங்கிவிட்டது.

நான்காவது செட்டில் வெளியே வரும்போது அதே 'டிக்... டிக்'. அதே கல்!

ஒரே செட் இரண்டு தடவை வருகிறது என்றால் அது அளவுகோல் டயர்தான். முன்னதுக்கு என்ன போட்டோம்? ஆறரை. இதற்கும் ஆறரை போட்டுவிட்டால் போதும். மத்தியானமும் அந்தக் கல் கழன்றுவிடாமல் இருந்தால் அப்போதும் ஆறரை. ஹன்னஸ் நிம்மதியாகிவிடுவான். அவளும் ஜூலையில் விமானம் ஏறலாம்.

திடலை ஓட்டி முடித்து வண்டியை ஓரம்கட்டி, கையுறையைக் கழற்றினாள். ஆறரை என்று எழுதினாள். எழுதிவிட்டு வெளியே இறங்கிக் காரைச் சுற்றி நடந்தாள். இன்னொரு தடவை சுற்றினாள். பனி டயர் வாங்கக் கடைக்குப் போகிற ஜனம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கும். அளவுகோல் டயருக்குக் கல் இருக்கிறது. மற்ற டயர்களுக்கு அவள் போடுகிற எண்கள்? குருடன் கல்லெறிகிற கதைதான். இந்தக் குளிருக்கு ஆகவே ஆகாத டயருக்கு எட்டு போட்டிருப்பாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது.

ஹன்னஸிடம் போய் நின்றாள். "நாலாவது செட்டு அளவுகோல் டயர். ரெண்டாவதும் அதுதான்."

ஹன்னஸின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, வந்திருச்சு!"

"வரல. கல்லு சத்தத்துல கண்டுபுடிச்சேன். முற்றத்துல ஓட்டிப் பாரு, உனக்கே கேக்கும். இந்த வாரம் நான் போட்டது அத்தனையையும் அடிச்சிடு."

அவன் அவளுடைய மதிப்பெண் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டான். பிறகு, "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கும். போய் வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவளை நிறுத்தச் சோதனைக்கு மாற்றினார்கள். நேர்க்கோட்டில் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். மரியாதையான வேலைதான். ஆனால் நாளெல்லாம் போய் மிதித்து, திரும்பி வந்து, மறுபடி போய் மிதித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பனி உருகும்வரை தாக்குப்பிடித்தாள். பிறகு வேலையை விட்டாள்.

அந்தக் கோடையில் அவள் வீட்டில் இருந்தாள். சூரியன் மறையாத நாட்கள். கைசு வேலிக்கு வண்ணம் அடித்தாள். அடித்த வேலிக்கே மறுபடி அடித்தாள். சானா என்னும் நீராவிக் குளியலறையின் பெஞ்சுகளைக் கழற்றித் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். இல்மாரி வேலைக்குப் போய் வருவதற்குள் சமையலறையின் அலமாரிகளெல்லாம் இடம் மாறியிருக்கும். ஒரு நாள் உப்பு டப்பாவைத் தேடிக் களைத்துப்போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"கைசு, நீ ஊர்ல இல்லாதப்போ நான் உன்னை ரொம்பத் தேடுவேன்."

"இப்போ?"

"இப்போ உப்பைத் தேடுறேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நான் என்ன செய்யட்டும் இல்மாரி? ரெண்டு கையையும் எங்க வைக்கிறதுன்னே தெரியல."

"ஸ்டியரிங்ல வை. அது ஒண்ணுதான் உனக்குத் தெரியும்" என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை. கொதிகலன் நிலையத்தில் கேள்விப்பட்டதைச் சொன்னான். ஊரிலிருந்து சிறுநீரக நோயாளிகளை வாரம் மூன்று நாள் ரொவானியெமி ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போய்வரும் வேன் டாக்சியின் ஓட்டுநர் ஓய்வு பெறுகிறாராம். போகத் தெற்கே முந்நூறு கிலோமீட்டர், வர அதே முந்நூறு. ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

கைசு மறுநாளே வேனை எடுத்துக்கொண்டாள்.

பயணிகள் இரண்டு பேர். சைமி என்ற, வடகோடிப் பழங்குடியான சாமி இனத்துப் பெண்மணி. கலைமான் மந்தை வைத்திருந்தவள், வாய் குறைவு, கண் கூர்மை. இன்னொருவர் உர்போ. காலமெல்லாம் மர லாரி ஓட்டியவர். அவருக்கு முன்சீட்தான் வேண்டும். முதல் நாளே பெல்ட்டை மாட்டியதும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நீதானே அந்த டயர்க்காரி? உங்க பத்திரிகையப் பாத்து ஒரு தடவ டயர் வாங்கினேன். ஒரே குளிர்காலம். தேஞ்சு என் தலை மாதிரி ஆயிருச்சு."

"என்ன கம்பெனி?"

"பேரெல்லாம் யாருக்கு ஞாபகம். கறுப்பா இருந்துச்சு."

பின்சீட்டிலிருந்து சைமி, "இவன் லாரியையே ரெண்டு தடவ காட்டுல படுக்க வெச்சவன். டயரைச் சொல்றான்" என்றாள்.

செப்டம்பரில் இலைகள் சிவந்தன. பனி டயர் மாட்ட வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைசு ஒரு கடையில் போய், பெயர் தெரிந்த டயர்களின் முன்னால், வாங்குகிறவளாக நின்றாள். ஹுர்மே ஆணி டயர் இருந்தது. ஈரப் பனிக்கட்டியில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெறும் தாரில் ஆலை ஓடுகிற மாதிரி இரையும், நிற்கவும் கொஞ்சம் கூடுதல் தூரம் எடுக்கும். நோர்ட்வெல் ஆணியில்லாதது. மென்மையான ரப்பர், பூனை நடை. கடுங்குளிரில், இறுகிய பனியில் அருமை. ஆனால் குளிர் குறைந்து பனிக்கட்டி மேல் தண்ணீர் நின்றால் சோப்பு. தாக்கா என்று மூன்றாவது ஒன்று. எல்லாவற்றிலும் சுமார், எதிலும் மோசமில்லை.

கடைக்காரர் லாசே திகைத்துப்போனார். "நீயே இப்படி நின்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"எனக்குப் பிடிச்சதையா வாங்குறேன்? பின்னால உக்காந்திருக்கிறவங்களுக்கு வாங்குறேன்" என்றாள். வாங்காமலே திரும்பினாள். மறுநாளும் போய் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை போனபோது லாசே காப்பி ஊற்றி வைத்திருந்தார்.

அவளை அலைக்கழித்தது இதுதான். ரத்தம் சுத்திகரித்துத் திரும்பும் வழியில் உர்போவுக்கு மண்டை பிளக்கும். கண்ணை மூடி, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு வருவார். ரொவானியெமியை விட்டு நெடுந்தூரம் வெறும் தார்தான். அந்தத் தூரம் முழுக்க ஆணி இரைந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? ஆணி இல்லாமல், வழுக்குகிற நாள் ஒன்று வந்தால்? பழைய இடுப்பு இருந்திருந்தால் யோசித்திருக்கவே மாட்டாள். நோர்ட்வெல் கைவிடும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது.

கடைசியில் நோர்ட்வெல்லை வாங்கினாள். நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று.

அக்டோபர் முழுக்க அவர்கள் தூங்கினார்கள். கைசுதான் தூங்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்துபோய் வெப்பமானியைப் பார்ப்பாள். பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் வந்து படுப்பாள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இல்மாரிக்கும் தூக்கம் போச்சு.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும்போது, சொடங்கியுலா ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது, அதற்குள் இருட்டிவிட்டது. உறைந்த சாலையில் விழுகிற மழை! கைசு வேகத்தைப் பாதியாக்கினாள். பிறகு அதிலும் பாதியாக்கினாள். வுவோட்சோ கிராமத்தை நெருங்கும் ஓர் இறக்கத்தின் அடியில் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. மர லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது.

பிரேக்கைத் தொட்டாள். இடுப்பில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் முன்விளக்கின் வெளிச்சம், சாலையின் ஓரம் காட்ட நட்டிருந்த குச்சிகளை விட்டு மெல்ல மெல்ல நடுச்சாலைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. வேன் பக்கவாட்டில் போகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. பிரேக்கை விட்டாள். சக்கரம் உருளத் தொடங்கியதும், ஸ்டியரிங்கைத் துளித்துளியாகத் திருப்பி, வலது பக்கச் சக்கரங்களை ஓரத்தில் குவிந்திருந்த சொரசொரப் பனிக்குள் இறக்கினாள். வேன் உலுக்கியது, கரகரவென்று பனியை உழுதது, லாரிக்கு ஒரு வண்டித் தூரம் முன்னால் நின்றது.

உர்போ கண்ணை ஒரு தரம் திறந்து பார்த்து மூடிக்கொண்டு, "நான்னா லாரிக்கு அடியில போயிருப்பேன்" என்றார்.

கைசு எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது அடியில் இரண்டு காலும் ஒன்றாகப் போய் சாலையில் மல்லாந்து விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் தவழ்ந்தே போய் முக்கோணத்தை வைத்துவிட்டு, தவழ்ந்தே திரும்பினாள். கதவைத் திறந்தால் உர்போ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, சிரிக்க வைக்காதே, தலை வெடிக்குது."

மணல் தூவும் வண்டி வர வெகுநேரம் ஆயிற்று. சைமி பையிலிருந்து உலர்ந்த கலைமான் இறைச்சியை எடுத்துக் கத்தியால் சீவிக் கொடுத்தாள். பிளாஸ்கிலிருந்து கைசுவுக்கு நிறையக் காப்பி ஊற்றினாள். தங்கள் இருவருக்கும் ஆளுக்கு அரை மூடிதான். அதற்கு மேல் தண்ணீர் அவர்களுக்கு ஆகாது.

"உங்க ரெண்டு பேரையும் கேக்காம டயர் வாங்கினது என் தப்பு" என்றாள். "சத்தம் வேணாம்னு பாத்தேன். ஆணி டயர் போட்டா வழி முழுக்க இரையும். இனிமே எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

உர்போ நெற்றியை அழுத்திக்கொண்டார். "தலை வலிச்சா, கழுத்து மேல தலை இருக்குன்னு அர்த்தம். ஆணியைப் போடு."

"எனக்கு ஒரு காது ஏற்கெனவே கேக்காது. நல்ல காதை சீட்டுல அமுக்கித் தூங்கிக்கிறேன்" என்றாள் சைமி.

கைசு திரும்பிப் பார்த்தாள். "எந்தக் காது?"

"இடது."

"எனக்கும் அதான்" என்றாள் கைசு. ஹன்னஸுக்கும் மருத்துவருக்கும் இல்மாரிக்கும் தவிர வேறு யாருக்கும் சொல்லாததை, அந்த இருட்டில், இறைச்சியை மென்றுகொண்டே, முழுவதுமாகச் சொன்னாள். சைமி கேட்டுவிட்டு, "கலைமானுக்கு ஒரு கண்ணு போனா தலையைக் கொஞ்சம் திருப்பி வெச்சு நடக்கும். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

புதன்கிழமை லாசேயின் கடையில் நான்கு ஹுர்மே ஆணி டயர்கள் மாட்டினார்கள். அன்றிலிருந்து வேன் இரைந்துகொண்டே ஓடியது. உர்போ இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசப் பழகிக்கொண்டார். முடியாத நாட்களில் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு கிடப்பார். அவர் முகம் சுருங்கும்போதெல்லாம் கைசுவுக்கு, டயரை மாற்றிவிடலாமா என்று தோன்றும். மறுபடி அந்த இறக்கம் நினைவுக்கு வரும்.

மார்ச் மாதம் உர்போ இறந்துபோனார். வழியில் அல்ல, தன் வீட்டில், தன் கட்டிலில், தூக்கத்தில். அடக்கத்துக்கு மர லாரிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கைசு பின்வரிசையில் நின்றாள். பாடல் முடியும்வரை நிற்க முடியாமல் வெளியே வந்து, நிறுத்தியிருந்த லாரிகளின் டயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து முன்சீட்டுக்குப் புதிய ஆள் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கழுத்தில் பட்டுக் குட்டை. ஊரைத் தாண்டும் முன்பே சொல்லிவிட்டார்.

"இந்தச் சத்தம் என்னால தாங்க முடியாது. வேற டயர் போடக் கூடாதா? இப்பல்லாம் சத்தமில்லாத நல்ல டயர் எத்தனையோ இருக்கே."

"இருக்கு" என்றாள் கைசு.

"அப்புறம் என்ன?"

கைசு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்சீட்டிலிருந்து சைமி, கேட்கிற வலது காதை முன்னால் சாய்த்து, "அவர் என்ன சொல்றார்? எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

சாலை வளைந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கைசுவுக்கு இடுப்பில் ஏதோ லேசாக ஓடினாற்போல இருந்தது. டயரா, சீட்டா, தன் நினைப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அடுத்த வளைவு வரட்டும், பார்க்கலாம் என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.